மாடத்தை விட்டு இறங்காத இளவரசிகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரித்திரத் தொடர்கதை எதை எடுத்தாலும் நாயகிக்கு வேலை முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கிறது. மாடத்தில் நின்று புரவி கிளப்பும் புழுதியைப் பார்க்க வேண்டும், தோழியிடம் பெருமூச்சு விட வேண்டும், ஓர் ஓலையை இடுப்பில் ஒளிக்க வேண்டும், போர் முடிந்ததும் மாலையோடு காத்திருக்க வேண்டும். நாயகனுக்கோ படை, தூது, சதி, சுரங்கப்பாதை என்று அத்தியாயத்துக்கு அத்தியாயம் கை நிறைய வேலை. இதைச் சுட்டிக்காட்டினால் எழுதுகிறவர்கள் சொல்லும் பதில் ஒன்றுதான்: "பெண்களைப் பற்றிக் குறிப்பே இல்லையே, என்ன செய்வது?" வேறு யார் சொன்னாலும் பொறுத்துக்கொள்ளலாம். சோழர் காலத்தை வைத்து எழுதுகிறவர் சொல்லக் கூடாது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜனின் 26ஆம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று இருக்கிறது. கோயிலுக்கு வந்த கொடைகளை ஸ்ரீவிமானத்தில் கல்லிலே வெட்டச் சொல்லும் அந்த ஆணையில் வரிசை இப்படிப் போகிறது: நாம் கொடுத்தன, அக்கன் கொடுத்தன, நம் பெண்டுகள் கொடுத்தன, மற்றும் கொடுத்தார் கொடுத்தன. அரசனுக்கு அடுத்த இடம் அக்கனுக்கு, அதாவது அக்கா குந்தவைக்கு. மனைவியர் அதற்கும் பின்னால்தான். ஒரு குடும்பத்தில் யார் சொல் எடுபட்டது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தக் கதாசிரியரும் காட்டிவிட முடியாது. குந்தவை கொடுத்த உமாபரமேசுவரித் திருமேனிகளும், அவற்றுக்கான நகைகளும், பொன்னின் எடையும் அதே சுவர்களில் விவரமாகப் பதிந்துள்ளன. அறக்கட்டளைக் காசு ஊர்ச் சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டது. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை. வாங்கிய சபை வட்டியை ஒழுங்காக அளக்கிறதா என்று கேட்க ஆள் அனுப்பும் பெண்மணியை நம் கதைகளில் எங்காவது பார்த்திருக்கிறோமா? சதுரங்கம் ஆடும் குந்தவையைத்தான் பார்த்திருக்கிறோம்.

அரண்மனையை விட்டு வெளியே வந்தால் இன்னும் பெரிய புதையல். அதே கோயிலில், கோயிற்பணிக்கு அமர்த்தப்பட்ட தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பட்டியல் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் பெயர், முன்பு இருந்த ஊரும் கோயிலும், தஞ்சாவூரில் குடியேற்றப்பட்ட தெரு, அந்தத் தெருவின் தென்சிறகா வடசிறகா, எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறார்கள். திருவாரூர், பழையாறை, திருவையாறு என்று பல ஊர்களிலிருந்து அரசாணையால் கொண்டுவரப்பட்டவர்கள் இவர்கள். ஆளுக்கு ஒரு பங்கு. பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல்.

இந்த நூறு கலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல்தான் பலர் இவர்களை ஏழை ஆட்டக்காரிகளாகவோ, மன்னன் கடைக்கண் பார்வைக்கு ஏங்குகிறவர்களாகவோ எழுதிவிடுகிறார்கள். எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். நூறு கலம் 9,600 நாழி. நாளொன்றுக்கு ஏறக்குறைய 26 நாழி நெல். ராஜராஜனின் மகன் ராஜேந்திரன் காலத்தில் எண்ணாயிரம் என்ற ஊரில் இருந்த கல்லூரியில் இளநிலை மாணவனுக்கு நாள்படி 6 நாழி, மேல்நிலை மாணவனுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது 10 நாழி. நெல் அளக்கும் மரக்கால் ஊருக்கு ஊர் சற்று மாறும் என்பதால் இதைத் துல்லியமான ஒப்பீடாகக் கொள்ள வேண்டாம். ஆனாலும் தனி வீடும் இவ்வளவு நெல்லும் உள்ள பெண் யாரையும் அண்டிப் பிழைக்கும் நிலையில் இல்லை. அவள் காதலிப்பவனுக்கு அவளைவிட வருமானம் குறைவாக இருக்கலாம். அதிலேயே ஒரு கதை இருக்கிறது.

அதைவிட நல்ல கதை அதே கல்வெட்டின் விதியில் இருக்கிறது. பங்கு பெற்றவர் இறந்தாலோ நாட்டை விட்டுப் போனாலோ அவருக்கு மிக நெருங்கிய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைச் செய்ய வேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரை அவரே நியமிக்க வேண்டும். வணிகன் ஒருவன் "என்னோடு வா" என்று அழைக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். போனால் பங்கு போகும், வீடு போகும், அடுத்த உரிமை தங்கைக்கு. அக்காவின் காதலை ஊக்குவிக்கும் தங்கை பாசத்தால் ஊக்குவிக்கிறாளா, பங்குக்காகவா? வில்லன் வேண்டாம், சுரங்கப்பாதை வேண்டாம், விஷம் வேண்டாம். ஒரு விதி போதும்.

இங்கே வழக்கமாக நேரும் பிழை, 19ஆம் நூற்றாண்டின் தேவதாசி நிலையை அப்படியே தூக்கி 11ஆம் நூற்றாண்டில் வைப்பது. கோயிலோடு சேர்ந்தவள் என்றால் மணமே கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். 1049ஆம் ஆண்டுத் திருவொற்றியூர்க் கல்வெட்டு ஒன்றில் தேவரடியாரான, அதாவது கோயிலைச் சேர்ந்தவரான, சதுரன் சதுரி என்பவர் நாகன் பெருங்காடனின் அகமுடையாளாக, அதாவது மனைவியாகக் குறிப்பிடப்படுகிறார். எல்லோரும் மணந்தார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. யாரும் மணக்கவில்லை என்று இனி எழுதவும் முடியாது.

கல்வெட்டிலிருந்து கதைக்குப் போகும் வழியில் தடுக்கி விழும் இடங்கள் சில உண்டு. முதலாவது காலம். ஆட்சியாண்டைக் கிறித்து ஆண்டாக்கும்போது முடிசூடிய ஆண்டைச் சரியாகப் பிடிக்க வேண்டும். ராஜராஜனுக்கு 985; எனவே 26ஆம் ஆண்டு 1010ஐ ஒட்டி வரும். ராஜேந்திரன் தனியாட்சி தொடங்கியது 1014இல்தான் என்றாலும் அவன் ஆட்சியாண்டுகள் இளவரசுப் பட்டம் பெற்ற 1012 முதல் எண்ணப்படுகின்றன. இதைக் கவனிக்காமல் எழுதினால் நாயகியின் வயது இரண்டு ஆண்டு பிசகும். அரசன் பெயரில்லாமல் 'பரகேசரி' என்ற பட்டம் மட்டும் உள்ள கல்வெட்டு இன்னும் ஆபத்து. முதலாம் பராந்தகனும் பரகேசரி, ஆதித்த கரிகாலனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி. எழுத்தமைதியும் உடன் குறிப்பிடப்படும் ஆட்களும் இல்லாமல் எந்தப் பரகேசரி என்று தீர்மானித்துவிட்டால், பாட்டி காலத்துப் பெண் பேத்தியின் திருமணத்துக்கு வந்து நிற்பாள்.

அடுத்தது, கல்வெட்டின் தொடக்கத்தில் அரசனைப் புகழும் மெய்க்கீர்த்தியை மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பது. மெய்க்கீர்த்தியில் போர் இருக்கும். ஆட்கள் இருப்பது அதற்குப் பிறகுதான். யார் விற்றார், யார் வாங்கினார், நிலத்தின் நான்கு எல்லைகள், யார் அளந்தார், கையெழுத்திட்டவர் யார், அழித்தவனுக்கு என்ன சாபம். பெண் பெயர்கள் பெரும்பாலும் இந்தப் பின்பகுதியில்தான் கிடக்கின்றன: இன்னாருடைய மகள், இன்னாருடைய அகமுடையாள், இன்னாருடைய தாய். தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் தஞ்சைக் கல்வெட்டுகள் உள்ள இரண்டாம் தொகுதி ஆங்கில மொழிபெயர்ப்போடு வந்திருப்பதால் தொடங்குகிறவர்களுக்கு அதுவே வசதி. பிந்தைய தொகுதிகள் பெரும்பாலும் மூலபாடம் மட்டும். அவற்றைப் படிக்கப் பழக்கம் வேண்டும்.

மூன்றாவது, பெண்ணின் சட்ட நிலை. நம் கதைகளில் பெண் ஒன்று ஒட்டுமொத்தமாக அடிமை, இல்லையென்றால் இன்றைய கல்லூரி மாணவியின் வாய்ப்பேச்சோடு வாளேந்திய வீராங்கனை. ஆவணங்கள் காட்டும் பெண் இரண்டுமில்லை. நிலம் அவள் பெயரில் இருக்கிறது, அவளே விற்கிறாள், அவளே கோயிலுக்கு விளக்கு வைக்கிறாள். ஆனால் பிராமணப் பெண்கள் நிலம் விற்கும்போதும் கொடுக்கும்போதும் 'முதுகண்' என்று ஓர் ஆண் காப்பாளர் குறுக்கே வருகிறார். சொத்து இருக்கிறது, அதைத் தொடக் கையெழுத்து இன்னொருவருடையது. முதுகணாக இருக்கும் தம்பியோ மகனோ மறுத்தால் என்ன ஆகும் என்று யோசித்தாலே நான்கு அத்தியாயம் ஓடும். எளிய குடும்பத்துப் பெண் வேண்டுமானால் திருப்பாம்புரத்துக்குப் போகலாம்: 1201இல் பஞ்சத்தில் உயிர் பிழைக்க ஒரு வேளாளர் தன்னையும் தன் இரு மகள்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்ட செய்தி அங்கே இருக்கிறது. அந்த இரண்டு பெண்களைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. விஜயநகர காலத்தை எடுப்பவர்களுக்கு விரிஞ்சிபுரம் கல்வெட்டு (1425-26) இருக்கிறது. பெண்ணைக் கொடுக்கப் பொன் வாங்கக் கூடாது, கன்னிகாதானமாகவே கொடுக்க வேண்டும் என்று படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் செய்துகொண்ட உடன்படிக்கை அது. பொன் கொடுத்து மணந்தவனுக்கும் தண்டனை உண்டு. உடன்படிக்கை போடும் அளவுக்கு அந்த வழக்கம் இருந்தது என்றுதானே பொருள்? அந்தக் காலத்துப் பெண்ணின் தகப்பன் வரதட்சணைக்காகக் கண்ணீர் விடுவதாக எழுதுவதற்கு முன் இதைப் படிப்பது நல்லது.

உடன்கட்டை பற்றியும் சொல்ல வேண்டும். அரசன் இறந்தால் அரசி தீயில் இறங்கியே தீர வேண்டும் என்பது போல எழுதுகிறார்கள். சுந்தர சோழன் தேவி வானவன்மாதேவி இறங்கினார். திருக்கோவலூர்க் கல்வெட்டு அதைப் பாடுகிறது. ராஜேந்திரன் தேவி வீரமாதேவி இறங்கினார். அவருடைய தாகம் தணியத் தண்ணீர்ப் பந்தல் வைத்த சகோதரனைப் பிரமதேசக் கல்வெட்டு காட்டுகிறது. அந்தத் தண்ணீர்ப் பந்தல் ஒன்றே ஒரு நாவலுக்குப் போதும். ஆனால் கண்டராதித்தர் தேவி செம்பியன் மாதேவி தீயில் இறங்கவில்லை. கணவர் மறைந்த பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். செங்கல் கோயில்களைக் கற்கோயில்களாக மாற்றிக்கொண்டே போனார், மகன் உத்தம சோழன் அரியணை ஏறியதைப் பார்த்தார், ராஜராஜன் ஆட்சியையும் பார்த்தார். திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்தில் கணவர் பெயரால் கோயில் எடுத்து, அவர் இறைவனை வழிபடுவதாக ஓர் உருவத்தையும் சுவரில் செதுக்கச் செய்து, யார் என்று அடியில் எழுதியும் வைத்தார். காதல் கதை தேடுகிறவர்கள் இதைக் கடந்து எப்படித்தான் போகிறார்களோ. சிற்பி முதலில் காட்டிய முகம் அவருக்குப் பிடித்திருக்குமா? இறந்தவரின் முகச் சாடையைச் சிற்பிக்கு எந்தச் சொற்களால் விளக்கியிருப்பார்? கற்பனைக்கு இடம் வேண்டுமென்றால் இங்கே எடுத்துக்கொள்ளலாம். கல்வெட்டு எதுவும் மறுக்காது. காதல் என்றால் இருபது வயதுக்குள் முடிந்துவிட வேண்டும் என்று நம் தொடர்கதைகளுக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை.

காதலின் நடை பற்றி. நாயகனும் நாயகியும் முதலில் முட்டிக்கொள்வது, பிறகு ஒரு தவறான புரிதல், பிறகு மழையில் சமாதானம் என்ற அச்சு எங்கிருந்தோ வந்தது. காதலுக்கு விதி வகுக்கும் அகப்பொருள் இலக்கணம் நமக்குக் கொடுத்திருக்கும் ஏற்பாடு இதைவிடக் கூர்மையானது. அதில் கடிகாரமும் இருக்கிறது. களவு, அதாவது மணத்துக்கு முந்தைய மறைவான காதல், நீடிக்கும் காலம் இரண்டு திங்களுக்குள் என்கிறது இறையனார் களவியல். அந்த இரண்டு மாதத்துக்குள் ஊர்ப்பேச்சான அலர் எழுகிறது, தலைவி வீட்டுக்குள் அடைக்கப்படுகிறாள், அவள் வாட்டத்துக்குக் காரணம் அறிய முருகன் பூசாரியான வேலனைக் கூப்பிட்டு வெறியாடுகிறார்கள், அயலார் பெண் கேட்டு வருகிறார்கள். ஒவ்வொன்றும் ஒரு கதவை அடைக்கிறது. மிஞ்சும் வழி இரண்டு: தலைவனோடு ஊரை விட்டுப் போகும் உடன்போக்கு, அல்லது காதலை வீட்டாருக்கு வெளிப்படுத்தும் அறத்தொடு நிற்றல். மணத்துக்குப் பிறகான பிரிவுக்கும் தொல்காப்பியம் வரம்பு வைத்திருக்கிறது. வேந்தன் ஏவிய வேலை என்றால் ஓராண்டு, கல்வி என்றால் மூன்றாண்டு. ஓராண்டில் வருவேன் என்று போன படைத்தலைவன் பதினான்காம் மாதமும் வரவில்லை என்றால் அவள் வெறும் சோகத்தில் இல்லை, அவன் ஓர் எல்லையை மீறிவிட்டான். கடல் கடக்கும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்வதில்லை என்பதும் அதே நூல் சொல்லும் மரபு. நாகப்பட்டினத்தில் நாயகியைக் கப்பலேற்றுகிறவர்கள் ஏற்றட்டும். எந்த மரபை உடைத்து ஏறினாள் என்பது மட்டும் கதைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தோழியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் தொடர்களில் அவள் கேலி பேசுவாள், நடுவில் ஒரு பாட்டுப் பாடுவாள், பிறகு காணாமல் போவாள். தொல்காப்பியம் 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது; செவிலி என்பவள் தலைவியை வளர்த்த தாய். அறத்தொடு நிற்கும்போது செய்தி தலைவியிடமிருந்து தோழிக்கு, தோழியிடமிருந்து செவிலிக்கு, செவிலியிடமிருந்து பெற்ற தாயான நற்றாய்க்கு, அங்கிருந்து தந்தைக்கும் தமையன்மாருக்கும் போகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், தோழி இத்தனை நாள் மறைத்தது தன் சொந்தத் தாயிடம். தலைவியைக் காவல் காப்பது தாயின் கடமை, தலைவியின் இரகசியத்தைக் காப்பது மகளின் கடமை. இருவரும் ஒரே கூரைக்கு அடியில். தலைவியின் காதலைவிடப் பெரிய நெருக்கடி இது. இதெல்லாம் சங்க காலத்துச் சரக்கு, சோழர் கதைக்கு ஒட்டாது என்பார்கள் சிலர். அகப்பொருள் துறைகளை வரிசையாகக் கோத்த 400 பாடல்கள் கொண்ட திருக்கோவையார் ராஜராஜனுக்கு முன்பே பாடப்பட்டுவிட்டது. அந்த வரிசை அவன் காலத்தில் படித்தவர்களுக்குப் பழகியதுதான்.

சில்லறைப் பிழைகளை நீட்டி முழக்க வேண்டாம். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, கொய்யா, பப்பாளி, அன்னாசி, முந்திரி, நிலக்கடலை, புகையிலை எல்லாம் அமெரிக்கக் கண்டத்தவை. போர்த்துகீசியர் வந்த பிறகே இங்கு வந்தன. 11ஆம் நூற்றாண்டு நாயகி கொய்யாவைக் கடித்துக்கொண்டு நாயகனைப் பார்க்க முடியாது. சமையலில் காரம் வேண்டுமென்றால் மிளகும் திப்பிலியும் இஞ்சியும்தான். குல்மோகர் மடகாஸ்கர் மரம், காகிதப்பூ தென் அமெரிக்கக் கொடி. நந்தவனத்தில் இவற்றைப் பூக்க வைக்காதீர்கள். ஒரே குதிரையில் நாள்தோறும் தொடர்ந்து போகிறவன் 40, 50 கிலோமீட்டர் போவான். தஞ்சையிலிருந்து காஞ்சிக்கு ஏறக்குறைய 270. ஓரிரவில் ஓலை கொண்டுபோகும் வீரர்கள் எத்தனை குதிரை மாற்றினார்கள், எங்கே மாற்றினார்கள் என்று ஒரு வரி எழுதலாம். மாட்டு வண்டியில் திருவாரூரிலிருந்து தஞ்சைக்கு வரும் தளிச்சேரிப் பெண்ணுக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். ஆடிக்குப் பின் ஆற்றில் தண்ணீர் ஓடினால் ஓடத்துறையில் காத்திருப்பும் சேரும். பெயரிலும் கவனம் வேண்டும். ராஜராஜனின் அக்கா குந்தவை, வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி. மகளும் குந்தவை, வேங்கி நாட்டு விமலாதித்தனை மணந்தவர். இந்த இருவரையும் ஒருவராக்கிய கதைகள் உண்டு. மகள் குந்தவையின் மகன் ராஜராஜ நரேந்திரன் ராஜேந்திரனின் மகள் அம்மங்காதேவியை மணந்தான். அவர்கள் மகன்தான் பின்னாளில் முதலாம் குலோத்துங்கனாகச் சோழ அரியணை ஏறியவன். தமிழ் பேசும் மருமகள்கள் தலைமுறை தலைமுறையாகத் தெலுங்கு அரண்மனைக்குப் போனதைப் பற்றி ஒரு நல்ல நாவல் எழுதலாம்.

பிற்காலத்துக்கு வந்தால் கஷ்டம் வேறு. மங்கம்மாள் 1689 முதல் பேரன் விஜயரங்க சொக்கநாதனுக்காக மதுரையை ஆண்டார். வேலு நாச்சியார் 1772இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரை இழந்து 1780இல் சிவகங்கையை மீட்டார். இவர்களைப் பற்றி ஆவணங்களும் வாய்மொழிக் கதைகளும் கலந்து கிடைக்கின்றன. எழுதுகிறவர் இரண்டையும் ஒரே குரலில் சொல்லிவிடுகிறார். வேலு நாச்சியார் கதைகளில் கணவரின் மரணம் இரண்டு அத்தியாயம், கோட்டை மீட்பு பத்து அத்தியாயம், இடையில் உள்ள எட்டு ஆண்டு ஒரு பத்தி. விருப்பாட்சியிலும் திண்டுக்கல்லிலும் மகளோடு, கோபால நாயக்கரின் ஆதரவையும் ஹைதர் அலியின் உதவியையும் எதிர்பார்த்து, ஒன்றும் நடக்காத மாதங்களைக் கடந்த பெண்தான் நாவலுக்கு உரியவர். (மிளகாயும் துப்பாக்கியும் இந்தக் கதையில் தாராளமாக வரலாம்.)

தங்கள் நாளிதழுக்குச் சில வேண்டுகோள்கள். சரித்திரத் தொடர் வெளியிடும்போது ஒவ்வொரு வாரமும் கடைசியில் நான்கைந்து வரிக்கு ஒரு சிறு கட்டம் கொடுங்கள். அந்த வாரம் வந்தவர்களில் கல்வெட்டிலோ செப்பேட்டிலோ இருப்பவர் யார், வாய்மொழி வழக்கில் மட்டும் இருப்பவர் யார், ஆசிரியரின் கற்பனை யார் என்று சொன்னால் போதும். விறுவிறுப்பு குறையும் என்று அஞ்ச வேண்டாம். கற்பனைப் பாத்திரம் எது என்று தெரிந்த பிறகும் வாசகர்கள் அழத்தான் செய்வார்கள். தொடரை அச்சுக்கு அனுப்பும் முன் கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் முதல் பத்து அத்தியாயங்களையாவது காட்டுங்கள். காலக்கணக்கும் உறவுமுறையும் அங்கேதான் தவறும், பிறகு திருத்த முடியாது. ஓவியருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். தைத்த ரவிக்கையும் நாட்காட்டி லட்சுமியின் கிரீடமும் சோழ அரசிக்கு வேண்டாம். பெரிய கோயில் கருவறைச் சுற்றில், நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியிலிருந்து 1931இல் வெளிப்பட்ட சோழ ஓவியங்களில் ஆடும் பெண்கள் இருக்கிறார்கள்; அந்தக் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இருக்கின்றன. உடை, கொண்டை, அணி மூன்றுக்கும் அவையே மாதிரி. தொடருக்கான விளம்பரத்தில் 'முற்றிலும் உண்மைச் சம்பவங்கள்' என்ற வரியையும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
சரித்திரத் தொடர்களின் வாசகர் ஒருவர்